வலது கண்ணுக்கு ஓர் அட்டவணை

அந்த அட்டவணை இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. ஒரு பக்கம் பழைய லேசர், இன்னொரு பக்கம் புதிய லேசர். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், வலிக்குமா, தழும்பு விழுமா, திரும்பச் செய்யலாமா, எத்தனை வாரத்தில் பலன் தெரியும், எத்தனை வருடம் நிற்கும் என்று பதினான்கு வரிகள். மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது. ஒளியை விட்டு விட்டு, சின்னச் சின்னத் துடிப்பாகச் செலுத்துவது. எங்களுக்கு எட்டும் தூரத்தில் எந்த அரசாங்க மருத்துவமனையிலும் அது இல்லை என்று தெரிந்ததும் அதை நீக்கிவிட்டேன். மீதி இரண்டுக்கும் வண்ணம் கொடுத்தேன். நல்லதற்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள். பச்சையெல்லாம் புதிய லேசரின் பக்கமே விழுந்தது.

இப்படி ஒப்பிடுவது என் தொழில். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். புது இயந்திரம் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்றை அருகருகே வைத்துப் பார்த்து, எது நமக்குச் சரி என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலாளர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் ஒப்பீடு ஒன்றுகூடத் தவறியதில்லை. அம்மாவின் கண் விஷயத்திலும் அதையேதான் செய்தேன். அதுதான் நான் செய்த தப்பு என்று சொல்லிவிட முடிந்தால் எளிதாக இருக்கும். ஆனால் அட்டவணையில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருடம் உட்கார்ந்ததோடு சரி. அப்பாவுக்கு அதுவும் இல்லை. பதினைந்து வயதில், நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா ஆயர் ஈத்தாமில் ஓர் அரசாங்கப் பள்ளியின் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் கட்டுவார், மீ நூடுல்ஸ் பிரட்டுவார், ஓய்வு மணி அடித்ததும் முன்னால் நின்று பிள்ளைகளுக்குப் பரிமாறுவார். பிள்ளைகள் அவரை 'மக்சிக்' என்று கூப்பிடுவார்கள். மலாயில் அத்தை, சித்தி என்பது போல.

முதலில் கண்டுபிடித்ததும் அந்தப் பிள்ளைகள்தான். ஒரு நாள் அம்மா வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றும்போதே சிரித்தார்.

"என்னைய சொம்போங்னு சொல்றாங்களாம்டி பிள்ளைங்க. டீச்சர் வந்து சொல்றாங்க. நான் என்ன டத்தின் பொண்டாட்டியா, சொம்போங்கா இருக்க?"

"டத்தின்னாலே பெரிய பட்டம் வாங்கினவரோட பொண்டாட்டிதான்மா. ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"எடது பக்கம் நிக்கிற பிள்ளைங்கள நான் கண்டுக்கவே மாட்டேங்கிறேனாம். காச நீட்டிக்கிட்டே நிக்குதுங்களாம்."

நானும் சிரித்தேன். 'சொம்போங்' என்றால் தலைக்கனம் பிடித்தவர். என் அம்மாவைப் போய் அப்படிச் சொல்கிறார்களே என்றுதான் நினைத்தேன். அவர் ஊசியில் நூல் கோப்பார், அரிசியில் கல் பொறுக்குவார், பேருந்து எண்ணை எனக்கு முன்னால் படித்துச் சொல்வார். அந்தக் கண்ணில் என்ன கோளாறு இருக்க முடியும்? சில மாதம் கழித்துப் படிப்பதற்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கடைக்காரர் இடது கண்ணை மட்டும் திறந்து வைத்துப் பார்க்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. சுவரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

கண் அழுத்த நோய். அதிலும் திறந்த கோண வகை. மருத்துவமனையில் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகாலின் வாய் திறந்துதான் கிடக்கும். சல்லடைதான் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பை நசுக்குகிறது. வலிக்காது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், நடுப்பகுதி கடைசிவரை தெளிவாக இருக்கும். போன பார்வை எதனாலும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். "சிங்க்ல தண்ணி போற ஓட்டை திறந்துதான்மா இருக்கு. சல்லடைதான் அடைச்சிக்கிச்சு."

"அப்ப பைப்பு ரிப்பேர்காரனத்தான் கூப்பிடணும்," என்றார் அம்மா. மருத்துவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த 'ஒன்றுமில்லை'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த மலாய்ப் பெண். முதல் நாள் அவர் அம்மாவைப் பார்த்து மலாயில்தான் பேச ஆரம்பித்தார். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும். பாசார் என்னும் சந்தையிலும் கேன்டீனிலும் பேசிப் பழகிய மலாய். இலக்கணம் இருக்காது, ஆனால் யாரிடமும் தடுமாறாது. நான்தான் இடையில் புகுந்து ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அதன் பிறகு மருத்துவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். என் சின்ன வயதில், அலுவலக முகப்புகளில் அப்பா ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் அலைவதைப் பார்த்திருக்கிறேன். 'போய் அங்கே கேளு, போய் இங்கே கேளு' என்பார்கள். ஆங்கிலம் பேசும் மகளோடு வந்த அம்மாவை யாரும் அப்படி அலைய விட மாட்டார்கள் என்று நம்பினேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் அம்மா ஒரு நாற்காலியைப் போல உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணைப் பற்றி நாங்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்போம்.

ஆக, மிஞ்சியது வலது கண். அதிலும் ஓரம் லேசாகக் கரையத் தொடங்கியிருந்தது. காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு மருந்து. அம்மாவின் கைப்பேசியில் இரண்டு வேளைக்கும் மணி வைத்துக் கொடுத்தேன். ஐந்தாறு மாதம் ஒழுங்காகப் போனது. அழுத்தம் இறங்கியது, ஆனால் போதுமான அளவு இறங்கவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு நாள் மருத்துவர் லேசர் செய்துவிடலாம் என்றார்.

நான் அதை எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். அட்டவணையை இரண்டு பிரதி எடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். ஒன்றை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைக் கடைசி வரிவரை படித்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. எங்க பயிற்சி டாக்டர்களுக்குக் காட்டலாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு முகம் சூடேறியது. அந்தச் சந்தோஷம் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

பிறகு அவர் விளக்கினார். பழைய லேசர் இந்த மருத்துவமனையிலேயே இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை செய்துவிடலாம். சல்லடையில் வரிசையாகச் சின்னச் சூடு வைப்பது போன்றது அது. சூடு பட்ட இடம் சுருங்க, பக்கத்துத் துளைகள் விரியும். தழும்பு விழும் என்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. புதியது சூடு வைப்பதில்லை. நிறமுள்ள அணுக்களை மட்டும் தட்டி எழுப்பி, சல்லடையைச் சுத்தம் செய்ய விடுகிறது. சில வருடம் கழித்துப் பலன் குறைந்தால் மறுபடியும் செய்யலாம். ஆனால் இங்கே இருந்த கருவி பழுதாகிக் கிடக்கிறது. சரியாகி, வரிசையில் நம் முறை வர பிப்ரவரி கடைசி ஆகும்.

"எது நல்லா வேலை செய்யும்?" என்று கேட்டேன்.

"அழுத்தத்தைக் குறைக்கிறதில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். திரும்பச் செய்யலாம்ங்கிறதுதான் புதியதோட வசதி. எந்த லேசரும் எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாது."

"அப்படின்னா புதியதுக்கே காத்திருக்கிறோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூணு மாசம். மருந்து தவறாமல் போட்டால் காத்திருக்கலாம். போடுவதில் சந்தேகம் இருந்தால், என்னைக் கேட்டால், பழையதை அடுத்த வாரமே செய்துவிடுவது நல்லது. இவங்களுக்கு இருக்கிறது ஒரு கண். மருந்து ஒழுங்கா போடுறாங்களா?"

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "மருந்து ஒழுங்கா போடுறீங்களான்னு கேக்குறாங்க."

"இதுவரைக்கும் போட்டேன்," என்றார் அம்மா. பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அடுத்த வாரம் விரதம் ஆரம்பிக்கிறேன்ல. அதச் சொல்லு அவங்ககிட்ட. விரதத்துல இந்த மருந்து…"

"சரிம்மா, அதெல்லாம் அப்புறம்," என்று சொல்லிவிட்டு மருத்துவரிடம் திரும்பினேன். "ஒரு நாளும் தவறியதில்லை, டாக்டர்."

இவ்வளவுதான் நடந்தது. அரை நிமிடம்கூட இருக்காது.

அம்மா சொல்ல வந்தது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. படித்த பெண்கள் இரண்டு பேர் லேசரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் விரதம், பால்குடம் என்று எதுவும் வந்துவிடக் கூடாது என்று பட்டது. என் அட்டவணையைப் பாராட்டியவர் முன்னால் என்னைப் பற்றிய எண்ணம் கொஞ்சமும் குறைந்துவிடக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "ரெண்டுல எது நல்லதாம்?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானாம். ஆனா புதுசுதான்மா நல்லது."

"ஒண்ணுன்னா, அடுத்த வாரமே கெடைக்கிறத செஞ்சிருக்கலாமே."

"அது சூடு வைக்கிற மெஷின்மா. உள்ளாற தழும்பு விழும்."

"நான் அடுப்புல சூடு பட்டுக்காத நாள் உண்டா?" என்று கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். "இது மாதிரி ஒண்ணு கூடப் போட்டா என்னா?"

"உங்களுக்குப் புரியாதும்மா."

அம்மா கையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

விரதம் எனக்காக நேர்ந்துகொண்டது. நான் பட்டம் வாங்கினால் மூன்று வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகத் தண்ணீர்மலை முருகனிடம் சொல்லியிருந்தார். அது மூன்றாவது வருடம். கண்ணில் நோய் இருப்பது தெரிந்த பிறகு வந்த முதல் விரதம். நாற்பத்தெட்டு நாளும் ஒருவேளைச் சாப்பாடு. சாயங்கால பூஜை முடியும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. தரையில் பாய் விரித்துப் படுப்பார். கேன்டீனில் நாள் முழுக்க இறைச்சிக் குழம்பு கிளறிவிட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, அதன் பிறகுதான் ஒரு கவளம். எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. விரதத்தில் மருந்து, மாத்திரை எதுவும் தொடுவதில்லை. காய்ச்சல் வந்தாலும் திருநீறுதான். அது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் என் மனதில் மருந்து என்றால் வாயில் போடுவது. கண்ணில் விடும் ஒரு சொட்டை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

காலையில் நான் குளியலறையில் இருக்கும்போது அம்மாவின் கைப்பேசி மணி அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நின்றால் மருந்து போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டேன். புட்டி குளிர்பெட்டிக் கதவில்தான் இருந்தது. ஒரு நாள் அதை எடுத்து ஆட்டிப் பார்த்திருந்தால் போதும். ஜனவரியில் அழுத்தம் பார்க்க ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அன்று தொழிற்சாலையில் தணிக்கை இருந்தது. நான் போன் செய்து, அந்தத் தேதி வேண்டாம், பிப்ரவரியில் லேசருக்கு வரும்போதே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அம்மாவைத் தனியாகப் போகச் சொல்லலாமா என்றுகூட யோசிக்கவில்லை. என்னை விட்டால் அவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

தைப்பூசத்தன்று அம்மா மஞ்சள் சேலை கட்டி, தலையில் பால்குடத்தோடு படியேறினார். நான் பக்கத்தில் நடந்தேன். இரண்டு இடத்தில் அவருக்குக் கால் தடுமாறியது. படியின் விளிம்பைக் காலால் தடவித் தடவி வைத்தார். முன்னால் போன ஒருவரின் காவடி ஓரத்தில் இடித்துக்கொண்டார். கூட்டம், வெயில், நாற்பத்தெட்டு நாள் பட்டினி என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா அப்படிப் பிடித்து நடப்பவர் இல்லை.

"களைப்பா இருக்காம்மா?"

"இல்ல. பக்கத்துல வர்றவங்க திடீர்னு வந்து நிக்கிற மாதிரி இருக்கு. எங்கேர்ந்து வர்றாங்கன்னே தெரியல," என்று சொல்லிச் சிரித்தார். "ஒரு சொட்டுப் பால் சிந்தலடி. மூணு வருசமும் சிந்தல."

நான் அவரைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டேன். பட்டம் வாங்கிய மகள், நேர்த்திக்கடன் முடித்த தாய். கீழே நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் லேசருக்குப் போனோம். முதலில் அழுத்தம் பார்த்தார்கள். மருத்துவர் ஒரு முறை பார்த்தார், கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்வைப் பரப்புச் சோதனைக்கு அனுப்பினார். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பொத்தான் சத்தம் விடாமல் கேட்கும். அன்று இடையிடையே நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

தாள் வந்தது. நவம்பருக்கு முந்தைய தாளையும் புதியதையும் மருத்துவர் அருகருகே வைத்தார். பழையதில் ஓரமாகக் கொஞ்சம் சாம்பல் நிறம். புதியதில் மேல்பாதி முழுக்கக் கறுப்பு. கீழேயும் ஒரு பக்கம் கறுத்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும். ஒப்பிடுவதற்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை.

"மருந்து?" என்றார் என்னிடம்.

"தவறாமல் போடுறாங்க, டாக்டர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியை அம்மாவின் பக்கமாகத் திருப்பி, மலாயில், மெதுவாக, "மக்சிக், கண் மருந்து தினமும் போட்டீங்களா?" என்று கேட்டார்.

அம்மா மலாயிலேயே பதில் சொன்னார். இல்லை, போடவில்லை. 'புவாசா' இருந்தேன். நோன்பு. கண்ணில் விட்டால் கசப்பு தொண்டைக்கு இறங்குகிறது. இறங்கினால் நோன்பு போச்சு. சாமிக்குச் சொன்னதை எப்படி உடைப்பது? நாற்பத்தெட்டு நாளும் போடவில்லை. முடிந்த பிறகு தொடங்கியாச்சு.

மருத்துவர் கண்ணை மூடித் திறந்தார். கோபப்படவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மக்சிக், ஒவ்வொரு வருசமும் எங்க ரமலான் நோன்பு மாசத்துல எத்தனை பேர் இதே கேள்வியோட என்கிட்ட வர்றாங்க தெரியுமா? என் சொந்த அம்மாவே கேட்டாங்க." பிறகு தன் விரலால் அம்மாவின் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், அந்த ஓரக் குழியில் அழுத்திக் காட்டினார். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, இங்கே இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது, கசப்பே தெரியாது. அதற்கும் மனசு ஒப்பவில்லை என்றால் நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்பேன். அல்லது அந்த வியாழக்கிழமையே பழைய லேசரைப் போட்டிருப்பேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மக்சிக்."

அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. "மறந்துட்டேன்," என்றார் மலாயில்.

மறக்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான்தான் சொல்ல விடவில்லை என்று ஏதாவது ஒரு மொழியில் மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டிப் போய்விட்டது. விரதம் என்ற சொல்லை யாரிடம் சொல்ல வெட்கப்பட்டேனோ, அந்த மருத்துவமனையிலேயே அதை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்தான்.

அன்றே புதிய லேசர் செய்தார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, கண்ணில் ஒரு வில்லையைப் பொருத்தி, சின்னச் சின்ன 'டிக்' சத்தம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "சூடே இல்ல. நீ சொன்னது சரிதான்," என்று வெளியே வந்த அம்மா சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. என் அட்டவணையில் போட்டிருந்தபடியே எல்லாம் நடந்தது. வலி இல்லை, தழும்பு இல்லை, வேண்டுமானால் திரும்பவும் செய்யலாம்.

நவம்பரில் பழைய லேசரைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை மனதில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை அது பலிக்காமலே போயிருக்கலாம். பலித்திருந்தாலும் மருந்தை நிறுத்தியதில் கொஞ்சம் நட்டம் வந்திருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவரும் சொன்னார். ஆனால் மூன்று மாதம் காத்திருக்கலாம் என்ற முடிவு, மருந்து தவறவில்லை என்ற ஒரு பதிலை நம்பித்தான் எடுக்கப்பட்டது. அந்தப் பதிலைச் சொன்னவள் நான்.

அம்மா கேன்டீன் வேலையை விட்டுவிட்டார். கொதிக்கும் குழம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது குறுக்கே ஓடி வரும் பிள்ளை தெரியாமல் போனால் என்ன ஆவது என்று அவரே முடிவு செய்தார். கடைசி நாள் பிள்ளைகள் ஓர் அட்டை செய்து கொடுத்தார்கள். பெரிய எழுத்தில்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அவர் அதை ஓரத்திலிருந்து ஓரம்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டியிருந்தது. இப்போது நான் நேரே நின்றால் என் முகம் தெரிகிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் இல்லை. எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் பாசாருக்குத் தனியாகச் சாலையைக் கடந்து போக அவரால் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொல்ல வந்தத நான் கேட்டிருக்கணும்மா."

கத்தி நிற்கவில்லை. "எல்லாத்தயும் நானும்தான் சொல்லியிருக்கணும். வாய் இல்லையா எனக்கு?"

"நான்தானே நிறுத்தினேன்."

"நீ படிச்ச பிள்ள. நீ பேசினா சரியாத்தான் இருக்கும்னு நான் விட்டுட்டேன்." நறுக்கியதைக் கிண்ணத்தில் தள்ளியபடி, "பெருமையா இருந்துச்சுடி, நீ அவங்ககூட தஸ்சு புஸ்சுன்னு பேசுறதப் பாக்க. எனக்கு ஒரு வார்த்தயும் புரியல. ஆனா பெருமையா இருந்துச்சு," என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன். வெண்டைக்காய்க் காம்புகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். அழுத்தம் கொஞ்சம் ஏறத் தொடங்கியிருப்பதாகப் போன முறையே சொல்லியிருந்தார்கள். லேசரைத் திரும்பச் செய்வதா, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா, அறுவை சிகிச்சைக்குப் போவதா என்று பேச வேண்டிய நாள். என்னிடம் அட்டவணை எதுவும் இல்லை. அம்மா கேட்டதற்கு மட்டும், எனக்குத் தெரிந்தவரை மூன்றையும் பற்றி இரண்டு நாளாகச் சொல்லியிருந்தேன். எண் திரையில் வந்தது. எழுந்து அவர் முழங்கையைப் பிடித்துக் கதவுவரை அழைத்துப் போனேன். கதவுக்கு முன்னால் அம்மா நின்றார்.

"நீ இங்கேயே உக்காரு."

"உள்ள யாரும்மா பேசுவா?"

"நான் பேசுறேன். மலாய்லதானே. கண்ணுதான் தெரியல, வாய் நல்லாத்தான் இருக்கு."

"நாற்காலி எங்க இருக்குன்னு…"

"கேட்டா சொல்லுவாங்க லா. போ."

கதவு மூடியது. வரிசையில் இருந்த நெகிழி நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மருத்துவரின் குரல் முதலில் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். நீளமாக, நிறுத்தி நிறுத்தி, இடையில் யாரும் குறுக்கிடாமல். ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கதவருகே போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. போகவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. என்னோடு போயிருந்த நாட்களில் ஏழெட்டு நிமிடத்துக்குமேல் ஆனதில்லை.

தாதி கைப்பிடித்து அழைத்து வர, அம்மா வெளியே வந்தார். கையில் தேதி எழுதிய அட்டை. நான் எழுந்து அவர் நேரே போய் நின்றேன், முகம் தெரியும் இடத்தில்.

"என்ன முடிவு பண்ணீங்கம்மா?"

"பண்ணிட்டோம்," என்று அட்டையைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "மொதல்ல தேத்தண்ணி குடிக்கலாம், வா. உக்காந்து சொல்றேன்."